உடையாத ரத்தம்

பச்சைக் குழந்தையின் குதிகாலில் குத்திப் பிழிந்தெடுக்கும் ரத்தத்தை ஆய்வகத்தில் யாரும் முழுதாக நம்புவதில்லை. பிழியும்போது சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். இயந்திரம் அதையும் சேர்த்து எண்ணி, பயமுறுத்தும் ஓர் எண்ணைக் காட்டும். அப்போதெல்லாம் லேப் அக்கா பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில், 'உடைந்த ரத்தம், மறுபடி எடுத்து அனுப்பவும்' என்று எழுதிவிட்டு அடுத்த குழாயை எடுப்பாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். மருத்துவமனையில் அவளுக்கு வேறு பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது. காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் லேப் அக்காதான்.

அன்று முற்பகலில் ஜன்னலருகே ஒரு பெண் வந்து நின்றாள். பஞ்சு சுற்றிய ஒரு சின்னக் குழாயைக் கையில் வைத்திருந்தாள். இன்னொரு கை சுவரைப் பிடித்திருந்தது.

"குழந்தைக்கு எத்தனை நாள்?"

"பன்னிரண்டுக்கா."

"பச்சை உடம்போட நீயா மூணு மாடி இறங்கி வந்தே? வேற ஆள் இல்லையா?"

"அத்தை இருக்காங்க. பிள்ளைகிட்ட."

"அவங்களை அனுப்பிட்டு நீ பிள்ளையோட இருக்கக் கூடாதாம்மா?"

"பிள்ளையோட என்னைத் தனியா விட மாட்டாங்கக்கா."

லேப் அக்கா கதவைத் திறந்து அவளை உள்ளே அழைத்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்பது விதி. நிற்க முடியாதவளை நிற்க வைக்கக்கூடாது என்பது அதற்கும் முந்தைய விதி என்று அவள் நினைத்தாள். குழாயைச் சுழலும் இயந்திரத்தில் வைத்துவிட்டு, ஒரு தம்ளர் வெந்நீர் கொடுத்தாள்.

வெந்நீரைக் குடித்தபடி அந்தப் பெண் சொன்னாள். முகவரி கேட்டால் சொல்வதுபோல, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சொன்னாள்.

"இதுக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான், நாலு வருஷம் முன்னாடி, இதே மாசம். பதினாறு நாள். இவனை மாதிரியே வாந்தி, பால் குடிக்க மாட்டான். இங்கதான் கொண்டுவந்தோம். ரத்தம் எடுத்தாங்க. சரியா வரல, நாளைக்கு மறுபடி எடுக்கணும்னு அனுப்பிட்டாங்க. மறுநாள் விடியும்போது மடியில போட்டுப் பால் குடுத்தேன். ரெண்டு நாளா தூக்கமே இல்ல. அசந்துட்டேன். முழிச்சுப் பார்த்தா வாயோரமா பால் வழிஞ்சிருக்கு. சில்லுனு கிடந்தான்."

"அய்யோ கடவுளே."

"புரையேறிடுச்சுன்னு சொன்னாங்க. நான் தூங்கினதால." தம்ளரைக் கீழே வைத்தாள். "அவனும் பொறக்கும்போதே கறுப்பு. இவனும் கறுப்பு. எங்க ரெண்டு வீட்டுலயும் இந்த நிறம் கிடையாது. அதுக்கும் அத்தை ஒண்ணு சொல்வாங்க, விடுங்க."

சுழன்று தெளிந்த குழாயை அளக்கும் இயந்திரத்துக்கு மாற்றினாள்; அது காகிதத்தைத் துப்பியது. சோடியம் நூற்றுப் பதின்மூன்று; நூற்று முப்பத்தைந்தாவது இருக்க வேண்டும். பொட்டாசியம் எட்டரை. லேப் அக்காவின் கை தானாகப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்துக்குப் போய், 'உடைந்த' என்று எழுதியும் விட்டது. அங்கே நின்றது. சரியா வரல, நாளைக்கு மறுபடி எடுக்கணும் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தைகள் இன்னும் அறையில் இருந்தன.

அவள் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சுழன்று தெளிந்த ரத்தத்தின் மேலே நின்ற நீர் வைக்கோல் நிறத்தில் இருந்தது. ரத்தம் உடைந்திருந்தால் அது சிவந்திருக்க வேண்டும். உடைந்த ரத்தம் பொட்டாசியத்தை ஏற்றிக் காட்டும், சரி. சோடியத்தை இந்தப் பள்ளத்தில் தள்ளுமா?

தொலைபேசியை எடுத்தாள். வார்டில் யாரும் எடுக்கவில்லை. வீங்கிய முழங்காலோடு மாடி ஏறினாள்.

"அட, லேப் அக்காவே நேர்ல! இன்னிக்கு மழை கொட்டப் போகுது" என்றார் வார்டிலிருந்த இளம் டாக்டர்.

"கேலி அப்புறம் பண்ணுங்க டாக்டர். பன்னிரண்டு நாள் பிள்ளை. பொட்டாசியம் எட்டரை."

"குதிகால் ரத்தம்க்கா. நான்தான் எடுத்தேன், போட்டுப் பிழிஞ்சேன். உடைஞ்சிருக்கும். சாயங்காலம் மறுபடி எடுத்துடலாம்."

"உடையல. நீங்களே பாருங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் குழாயைப் பார்த்ததும் டாக்டரின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. குழந்தையின் நெஞ்சில் ஒட்டிய கம்பிகள் இதயத் துடிப்பைக் கூடாரம் கூடாரமாக வரைந்து காட்டின; பொட்டாசியம் உண்மையிலேயே ஏறியிருப்பதன் அடையாளம். உப்புநீர் ஏறியது, சர்க்கரை ஏறியது. பெரிய டாக்டர் வந்து ஓர் ஊசி போடச் சொன்னார். மதியம் வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். பிறகு பெரிய டாக்டர் மாமியாரையும் மருமகளையும் கூப்பிட்டுச் சொன்னார். லேப் அக்காவும் ஓரமாக நின்றாள்.

"ரெண்டு கிட்னி மேலயும் தொப்பி வெச்ச மாதிரி ரெண்டு சுரப்பி இருக்கணும். இந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே அது இல்ல. உடம்புல உப்பு நிக்கிறது அதோட தயவுலதான். அது இல்லாததாலதான் வாந்தி, அதனாலதான் இந்தக் கறுப்பு. ஆயுசு முழுக்க மாத்திரை குடுக்கணும். காய்ச்சல் வந்தா, அடிபட்டா, கூடுதலா குடுக்கணும். அது பிழைச்சு வந்த பிறகு பேச வேண்டிய பேச்சு. முதல்ல இந்த ரெண்டு நாள் தாண்டட்டும்."

மருமகள் கேட்டாள்: "மூத்தவனுக்கும் இதுதானா டாக்டர்?"

"இருக்கலாம்மா. ஆனா இப்ப எதை வெச்சுச் சொல்றது? அத்தாட்சி எதுவும் இல்லையே."

"அது வேற, இது வேற" என்றாள் மாமியார். "அது புரையேறினது. வாயோரம் பாலை என் கண்ணால பார்த்தேன்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு வருடம் கேட்ட வார்த்தையைத் தானும் நம்பியவளின் குனிவு அது.

லேப் அக்கா கீழே இறங்கினாள். வழியில் வார்டு சிஸ்டர் கையைப் பிடித்து, "தெய்வம் மாதிரி வந்தீங்க" என்றாள். அந்தக் கையை உதறாமல் விடுவித்துக்கொண்டு பழைய பதிவேடுகள் கிடக்கும் அறைக்குப் போனாள். நாலு வருடத்துக்கு முந்தைய கட்டை இறக்கி, தூசி தட்டி, அந்தப் பெண் சொன்ன மாதத்தில் விரலை வைத்தாள். பதினைந்து நாள் ஆண் குழந்தை. சோடியம் நூற்றுப் பதினைந்து. பொட்டாசியம் எட்டு. மேல்நீரின் நிறத்தை எழுத வேண்டிய கட்டம் காலி. கடைசிக் கட்டத்தில், அவளுடைய கையெழுத்தில், 'உடைந்த ரத்தம், மறுபடி எடுத்து அனுப்பவும்.'

மறுநாள் பக்கத்தில் அந்தக் குழந்தை இல்லை.

அன்று தொண்ணூறு குழாய்கள் வந்திருந்தன. ஒன்றையும் அவள் தூக்கிப் பார்க்கவில்லை. சோடியத்தைப் பார்த்தும் பேசாமலிருந்த டாக்டர் ஒருவரும் இருந்திருப்பார். குற்றத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் இருந்தது. பதிவேட்டைத் திரும்பக் கட்டினால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தினமும் வேலையைத் தொடங்கும் முன், என் கையால் யாருக்கும் தீங்கு வரக்கூடாது என்று அவள் வேண்டிக்கொள்வாள். அந்தப் பதினைந்து நாள் குழந்தையின் ரத்தம் வந்த காலையிலும் வேண்டியிருப்பாள். மனிதர் கவனிக்க வேண்டியதைக் கடவுள் தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் அவர் என்ன செய்வார்? தூசியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு பதிவேட்டை அணைத்துக்கொண்டு மறுபடியும் மாடி ஏறினாள்.

குழந்தையின் கட்டிலருகே மாமியார் நாற்காலியிலும் மருமகள் தரையிலும் இருந்தார்கள். லேப் அக்கா தரையில் உட்கார்ந்து பதிவேட்டை விரித்தாள்.

"அம்மா, மூத்த பிள்ளையோட ரத்தம் இது. இதே நோய்தான். அன்னிக்கே இதுல தெரிஞ்சிருக்கு. நான் பார்க்கல. உடைஞ்ச ரத்தம்னு எழுதிட்டேன். இது என் கையெழுத்து. அவன் போனது நீ தூங்கினதால இல்ல. பால் வெளிய வந்தது இந்த நோயாலதான்."

மருமகள் எண்களைப் பார்த்தாள். அவளுக்கு அவை ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீங்க மாடி ஏறியிருந்தா?"

பொய் சொல்ல அது நல்ல நேரம். லேப் அக்கா சொல்லவில்லை. "இருந்திருப்பான்னுதான் நினைக்கிறேம்மா."

மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "நாலு வருஷம் கழிச்சுச் சாவகாசமா வந்து சொல்றீங்களா? நாலு வருஷமா நான் இவளை என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா? சோறு போடும்போது பேசியிருக்கேன். இவ வயித்துல இவன் இருக்கும்போது பேசியிருக்கேன். இனி நான் எங்க போய் அதைத் திரும்ப எடுக்கிறது?"

"என்னைத் திட்டுங்க. நான் பட வேண்டியதுதான்."

"உங்களைத் திட்டி..." மாமியார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மருமகளிடமிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் இருமல் என்றுதான் பக்கத்துக் கட்டில்காரர்கள் நினைத்தார்கள். மூத்தவனை எடுத்துக்கொண்டு போன நாளில்கூட அவள் வாய்விட்டு அழுததில்லை; கொன்றவளுக்கு அழ என்ன உரிமை என்று இருந்துவிட்டாள். இப்போது பதிவேட்டின் மேல் கவிழ்ந்து, அவனுக்கு வீட்டில் வைத்திருந்த செல்லப் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். வார்டு முழுவதும் எட்டிப் பார்த்தது.

"இது ஆஸ்பத்திரிம்மா, ஏன் இப்படிக் கத்துறா?" என்றார் யாரோ.

மாமியார் திரையை இழுத்து மருமகளை மறைத்துவிட்டுத் திரும்பினாள். "என்ன வேடிக்கை? பிள்ளையைப் பறிகொடுத்தவ அழுறா. அழுவா. உங்க வேலையைப் பாருங்க."

லேப் அக்கா திரைக்கு வெளியே நின்றாள். உள்ளே போக அவளுக்கு இடமில்லை. மருமகள் அவளைத் திட்டவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. அதைக் கேட்டு வாங்கவும் முடியாது. கொஞ்ச நேரம் கழித்து மாமியார் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"இவன் பிழைப்பானா?"

"பொட்டாசியம் ஏழுக்கு இறங்கியிருக்கு. இன்னும் இறங்கணும். சாயங்கால ரத்தத்தை நானே பார்க்கிறேன்."

"பாருங்க." குரல் இறுகியே இருந்தது. "இப்ப சொன்னதை எழுதிக் குடுப்பீங்களா?"

"மேல இருக்கிறவங்களுக்கு எழுதத்தான் போறேம்மா. என் வேலை போனாலும் பரவாயில்ல."

"உங்க வேலையைப் பத்தி நான் கேக்கல. எங்களுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. என் மகன் படிக்கணும். அவனும் இவளோட முகம் குடுத்துப் பேசி நாலு வருஷமாச்சு."

லேப் அக்கா கீழே போய், சாயங்காலக் குழாய் வரும்வரை மேசையில் உட்கார்ந்தாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். பெறுநர், பொருள் எதுவும் எழுதவில்லை. யார் படித்தாலும் புரியும்படி நிறுத்தி நிறுத்தி முதல் வரியை எழுதினாள்: 'அந்தக் குழந்தை தாய் தூங்கியதால் சாகவில்லை.'