மருந்துக்கடைக்காரரின் டபுள்

மருந்துக்கடைக்காரருக்கு ஒரு மாதமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. கடையிலிருந்த மாத்திரை எதற்கும் அது அடங்கவில்லை. பதினோரு வருஷமாக பிரிட்ஜ் சீட்டாட்ட மேஜையில் அவருக்கு ஜோடியாக எதிரே உட்கார்ந்த கணக்கு டீச்சர், போன மாதம் இரண்டு முறை பல் டாக்டரோடு ஆடிவிட்டாள். நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான் அந்த டாக்டர். கிளப்புக்கு வந்து வருஷம்கூட ஆகவில்லை.

“என்மேல ஒருநாளாவது இப்படிப் பொறாமைப்பட்டிருக்கீங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“நீதான் சீட்டாட மாட்டியே,” என்றார் மனுஷர். அன்று சாப்பாட்டை அவரே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அடுத்த மாதப் போட்டிக்கு யாரோடு ஜோடி சேர்வது என்பதை ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் சொல்வதாக டீச்சர் சொல்லியிருந்தாள். அன்று கடைசிச் சுற்றில் எதிராளியாக வந்து உட்கார்ந்ததே அந்த டாக்டர்தான், நூலகரைக் கூட்டிக்கொண்டு.

டீச்சர் ‘ஒரு ஹார்ட்’ என்று ஏலத்தைத் தொடங்கினாள். டாக்டர் ‘இரண்டு நோ டிரம்ப்’ என்றார். கிளப்ஸ், டைமண்ட் இரண்டுமே என்னிடம் நீளம் என்று அதற்கு அர்த்தம். எதிராளி இப்படிக் குறுக்கே விழுந்தால் என்ன சொல்வது என்பதை இவரும் டீச்சரும் மருந்துக் கவரின் பின்பக்கம் எழுதி எழுதி மனப்பாடம் செய்தவர்கள். ஹார்ட்ஸுக்குத் துணை இருந்து, கையும் பலமாக இருந்தால், எதிராளி காட்டிய சீட்டு வகையையே எடுத்து ‘மூன்று கிளப்ஸ்’ என்று சொல்ல வேண்டும். ஹார்ட்ஸ் இல்லை, அவர்களையே ஆடவிட்டு அடிக்கலாம் என்றால் ‘டபுள்’; தோற்றால் அவர்களுக்கு இரட்டிப்பு நஷ்டம், ஜெயித்தால் இரட்டிப்பு லாபம்.

மருந்துக்கடைக்காரர் கையில் நாலு ஹார்ட்ஸ், ராஜாவோடு. தூக்கத்தில்கூட மூன்று கிளப்ஸ் சொல்லியிருப்பார். ஆனால் டாக்டர் டீச்சரைப் பார்த்து லேசாகச் சிரித்துத் தொலைத்தார்.

“டபுள்.”

நூலகர் மூன்று டைமண்டுக்கு ஓடினார், அதாவது டைமண்ட் துருப்பில் ஆறுக்கு மேல் மூன்று, ஒன்பது பிடி. டீச்சர் ‘பாஸ்’ சொன்னாள். மருந்துக்கடைக்காரர் அதையும் டபுள் செய்தார், கையில் இரண்டே இரண்டு சின்ன டைமண்டை வைத்துக்கொண்டு. புத்தி புல் மேயப் போயிருந்தது.

அவரை நம்பி டீச்சர் துருப்பையே இறக்கினாள். அவர்கள் பக்கம் ஆடியது நூலகர் மட்டும்தான். டாக்டர் தன் சீட்டுகளை மேஜையில் விரித்துவிட்டு ஜன்னலோரம் டீ குடிக்கப் போய்விட்டார். கேட்ட ஒன்பது பிடியும் நோகாமல் வந்து சேர்ந்தன.

டீச்சர் மருந்துக்கடைக்காரரின் சீட்டுகளை வாங்கிப் பார்த்தாள்.

“நாலு ஹார்ட்ஸ் இருந்திருக்கே, அண்ணே. பத்து பிடி நமக்கு வந்திருக்கும். ஏன் டபுள் சொன்னீங்க?”

“அந்த ஆளைத் தோக்கடிக்கணும்னு தோணிச்சு.”

“நான் ஜெயிக்கணும்னு உக்காந்திருந்தேன்.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

“டாக்டர்கிட்ட நேத்தே, போட்டிக்கு உங்களோட வர முடியாது, எனக்கு அண்ணன்தான் ஜோடின்னு சொல்லிட்டேன்,” என்றாள். “இப்பப் போய், என்னைச் சேத்துக்கறீங்களான்னு அவர்கிட்டக் கேக்கணும்.”

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்து நடந்தாள்.