சாறு மருந்தில் சேராது

திங்கட்கிழமை காலை மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் மேங் என்னைத் தனி அறைக்கு அழைத்தார். வியாழக்கிழமை என் கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டி அப்பாவுக்கு வைப்பதாக இருந்தது. அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"ரத்தத்துல உங்க ஈரல் எண் ஏறியிருக்கு. நாப்பதுக்குள்ள இருக்கணும். மூணு வாரத்துக்கு முன்னாடி இருபத்தெட்டு. இன்னிக்கு நானூத்திப் பன்னிரண்டு."

வேறு யாருடைய எண்ணையோ பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"குடிச்சீங்களா?"

"இல்ல."

"வலி மாத்திரை? நாட்டு மருந்து?"

"மருந்தே எதுவும் எடுக்கல."

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வைரஸ் சோதனை, ஸ்கேன். மாலைக்குள் எல்லாம் வந்துவிட்டது. எதிலும் குறையில்லை, எண் மட்டும் நானூற்று முப்பது. அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தார்கள். மேங் கதவைச் சாத்தினார்.

"உன்ஜே, தப்பா நினைக்காதீங்க. கொடுக்க மனசில்லன்னா என்கிட்ட சொல்லிடலாம். உடம்பு பொருந்தலன்னு எழுதிடுவோம். வீட்ல யாருக்கும் தெரியாது."

"மனசு இருக்கு" என்றேன். இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

தாழ்வாரத்தில் போன் அடித்தது. பூசானிலிருந்து அத்தை, அப்பாவின் தங்கை.

"சாறு தீர்ந்திருக்குமேடா, இன்னொரு பெட்டி அனுப்பட்டா? இனிமே வேளைக்கு ரெண்டு பையா குடி. அப்பனுக்குக் கொடுக்கிற ஈரல் திடமா இருக்க வேணாமா?"

சின்னப் பைகளில் அடைத்து வரும் கசப்புப் பச்சிலைச் சாறு. மூன்று வாரமாக வேளைக்கு ஒரு பை. என் அலுவலகத்தில் பாதிப் பேர் ஈரலுக்கு நல்லதென்று காபிக்கு முன்னால் அதைத்தான் குடிக்கிறார்கள். அதை மருந்து என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

திரும்பிப் போய்ச் சொன்னேன். மேங் பேனாவைக் கீழே வைத்தார்.

"சாறுன்னு தனியா கேட்டிருக்கணும். என் தப்பு. இன்னியோட நிறுத்துங்க. ரெண்டு வாரம் பார்ப்போம், பெரும்பாலும் இறங்கிடும். அதுவரைக்கும் அப்பா தாங்கணும்."

"தாங்குவாரா?"

அவர் அடுத்த ரத்தப் பரிசோதனைக்குத் தேதி குறித்தார்.

ஐந்தாம் மாடியில் அப்பா மஞ்சள் கண்களோடு படுத்திருந்தார். தேதி தள்ளிப்போன செய்தி அதற்குள் வந்திருந்தது. தலையணை அருகே போன், ஸ்பீக்கரில் அத்தை.

"என்னடா, சோஜு அடிச்சியா?" என்றார் அப்பா.

"அவன் ஏன் குடிக்கப் போறான்? நான் அனுப்பின சாறைத்தானே குடிக்கிறான்" என்றது போன்.

"ஆமாப்பா" என்றேன், போனைப் பார்த்தபடி. "ரெண்டு நாள் அடிச்சேன். பயமா இருந்துச்சு."

அத்தை திட்டத் தொடங்கினார். மாடு, கழுதை, நன்றி கெட்டவன். அப்பா சிரிக்கப் போய் இருமினார்.

"விடு, விடு. குடியில மட்டும் என்னை உரிச்சு வச்சிருக்கான்."

"நாளைக்கே ரெண்டு பெட்டி அனுப்பறேன். குடிச்சதெல்லாம் இறங்கட்டும். கேக்குதாடா?"

"அனுப்புங்க அத்தை" என்றேன்.