தம்பிக்கு முன்னால் என்ன போடுவது

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் விடுப்புக் கடிதம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஒன்பதாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவனுக்கு மிகவும் அவசியமான தகுதி அது. கடிதத்தை வாங்கும் மேலாளருக்கு மெக்கானிக்குகள் வைத்த பெயர் ‘கமா’. எதையும் லேசில் முடியவிட மாட்டார்.

அங்கே ஒரு மெக்கானிக் கேட்டது நாளை வியாழக்கிழமை, ஒரே ஒரு நாள். தம்பிக்குப் பதிவுத் திருமணம். இரண்டு மாதம் அலைந்து கிடைத்த தேதி. தம்பி பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட இவனை விட்டால் நாதியில்லை.

‘எ பிரதர்’ என்று எழுதிக் கொடுத்தான்.

“‘எ’ன்னா ஏதோ ஒரு தம்பி. அப்ப மிச்சத் தம்பிங்க யாராச்சும் போய்க் கையெழுத்துப் போடட்டுமே?”

“இருக்கறதே ஒருத்தன்தான் சார்.”

“லெட்டர் அப்படிச் சொல்லலியே.”

‘தி பிரதர்’ ஆக்கினான். கமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “‘தி’ன்னா எனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஆளா இருக்கணும். உன் தம்பி மூஞ்சியே நான் பாத்ததில்லையே.”

“வேணா கூட்டிட்டு வரட்டுமா சார்?”

“நக்கலா?”

மொட்டையாக ‘பிரதர்’ என்று கொடுத்தான். சட்டை போடாமல் ஆளைத் தெருவில் விடலாமா என்று திரும்பி வந்தது. ‘மை பிரதர்’ என்றான். “ஆபீஸ் லெட்டர்ல இவ்வளவு சொந்தம் கொண்டாடலாமாப்பா?”

மணி நாலே முக்கால். ஐந்துக்குக் கமா பையைத் தூக்கிவிடுவார். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த கூட்டாளி தலையைத் தூக்காமலே சொன்னான்: “சொந்தக்காரன உள்ள விட்டா இப்படித்தான்டா. ஆளத் தூக்கிட்டு எழுது.”

ஐந்தாவது கடிதத்தில் தம்பி இல்லை, கல்யாணம் இல்லை. சஃபரிங் ஃப்ரம் லூஸ் மோஷன்.

கமா ஒரே மூச்சில் படித்தார். கையெழுத்துப் போட்டார். காகிதத்தை இரண்டு விரல் நுனியால் தள்ளினார். “கெளம்பு, கெளம்பு. கதவ நான் தொறந்துக்கறேன், நீ தொடாத. வெள்ளிக்கிழமையும் சேத்து எடுத்துக்க.”

மறுநாள் பதிவு அலுவலகத்தில் மெக்கானிக் கையெழுத்துப் போட்டு, பேனாவைக்கூட மூடவில்லை. போன் அடித்தது.

“இப்ப எப்படிப்பா இருக்கு?”

மாலையும் கழுத்துமாக நின்ற தம்பியைப் பார்த்தான். “எல்லாம் நல்லபடியா போயிடுச்சு சார்.”

“நெறைய தண்ணி குடி” என்றார் கமா, உண்மையான அக்கறையோடு.