மூன்றாம் பாட்டின் குழல்

மேசையின் இரண்டாவது இழுப்பறை வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கண்ணாடிக்கடைக்காரர் முட்டியால் ஓர் இடி இடித்து இழுத்தார். மனைவியின் அடையாள அட்டை வேண்டும். அது இல்லாமல் இறப்புச் சான்றிதழுக்கு எழுதித் தர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்கு மணிக்கு வண்டி வந்துவிடும். கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் வாடகை நாற்காலிகளில் சொந்தங்களும் அக்கம்பக்கத்தாரும். மகன் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

நேற்று மதியம் அவள் குளியலறை வாசலில் விழுந்தபோது அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். "இங்க கொஞ்சம் வாங்க" என்று அவள் கூப்பிட்டது நன்றாகவே காதில் விழுந்தது. எழுந்து போகவில்லை. எட்டு நாளாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரியம் ஆகணும் என்றால் அவளே நேரில் வந்து கேட்கட்டும் என்று பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் அவள் விழுந்த சத்தம். ஐயோ, இந்த மனுஷனின் வீம்பு! அதை நினைக்க நினைக்க அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

சண்டையும் பெரிய சொத்துச் சண்டை இல்லை. ஒரு பேருக்காக நடந்தது. கண்ணாடிக்கடை வைப்பதற்கு முன், இளவட்டமாக இருந்த காலத்தில், அவர் புல்லாங்குழல் வாசித்தார். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் வந்த ஓர் ஆல்பத்தில் மூன்றாவது பாட்டுக்குக் குழல் அவர்தான் என்று ஊருக்கே தெரியும். ஏனென்றால் அவரே ஊருக்குச் சொல்லியிருந்தார். கேசட் அட்டையில் மட்டும் வாசித்தவர்கள் பேர் இல்லை.

அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவள் அவள். பத்து வருஷமாக இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளமில்லாத வேலை பார்த்தாள். அதில் யாரும் எழுதலாம், யாரும் அழிக்கலாம். ஆதாரமில்லாத வரி கண்ணில் பட்டால் ஒரே வெட்டு. கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு வைத்த பேர் கத்திரிக்கோல். அந்த ஆல்பத்தைப் பற்றிய கட்டுரையில் போன மாதம் மகன் ஆசையாக அப்பா பேரைச் சேர்த்தான். அரை மணி நேரத்தில் காணோம். வெட்டியது பெற்ற தாய்.

சேர்க்கலாமா கூடாதா என்று கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் நாலைந்து பேர் மூன்று வாரமாக மல்லுக்கட்டினார்கள். இவர் வீட்டுக்குள் மல்லுக்கட்டினார். "நான் வாசிச்சேன்னு நானே சொல்றேன். நாப்பது வருஷம் கூட இருந்தவளுக்கு அது போதாதா?" என்று கேட்டார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "போதாது" என்றாள். அன்றைக்கு நின்றதுதான் பேச்சு.

அடையாள அட்டை ஒரு பழுப்பு உறைக்கு அடியில் கிடந்தது. உறையின் மேல் ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி. அவள் பேருக்கு அனுப்பியவர் அந்தப் பாட்டைப் பதிவு செய்த ஒலிப்பதிவாளர். உள்ளே அவருடைய பழைய நோட்டின் ஒரு பக்கம், நகலெடுத்தது. பாட்டின் முதலடி, தேதி, இவர் பேர். அதற்குக் கீழே: "குழல் சரிப்படவில்லை. மறுநாள் வேறு ஆளை வைத்து எடுத்தோம். அதுவே இறுதி." 'சரிபடவில்லை' என்றுதான் ஒலிப்பதிவாளர் எழுதியிருந்தார், கை சும்மா இருக்குமா, நடுவில் ஒரு 'ப்' சேர்த்துப் பென்சிலால் திருத்தியிருந்தாள்.

அவர் நாற்காலியில் சரிந்தார். ஆச்சரியப்பட்டார் என்று சொன்னால் அது பொய். கேசட் வந்த அன்றே, இரண்டாவது சரணத்தில், தான் மூச்சு வாங்கிய இடத்தில் அந்தக் குழல் மூச்சு வாங்காமல் போனதைக் கேட்டவர் அவர். அதெல்லாம் வெட்டி ஒட்டியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து நாற்பத்தொரு வருஷம் சாப்பிட்டாயிற்று.

"சார், உள்ள வரலாமா?"

கலைக்களஞ்சியத்தில் ஆந்தை என்ற பேரில் எழுதுகிறவர், ராத்திரி மருந்துக்கடையில் மருந்தாளுநர். பத்து வருஷமாக அவளோடு திரையிலேயே சண்டை போட்டவர், அவள் முகத்தை இன்றுதான் முதல் முதலாகப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. கைபேசியை நீட்டினார்.

"நாங்க நாலு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம் சார். உங்க பேர் இருக்கட்டும். அக்காவுக்கு எங்களால முடிஞ்சது."

திரையில் மூன்றாம் பாட்டுக்கு நேரே அவருடைய முழுப்பேர். வெட்கங்கெட்ட மனசு, கூடத்தில் அவளை வைத்துக்கொண்டும் ஒரு கணம் குளிர்ந்தது. இன்னும் நூறு வருஷம் கழித்து எவனோ படிப்பான். இந்தக் காகிதத்தைச் சட்டைப்பைக்குள் செருகினால் போதும், கேட்பார் கிடையாது.

அவர் அதை ஆந்தையிடம் நீட்டினார்.

ஆந்தை படித்தார். கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது அச்சுல வராத காகிதம் சார். எங்க விதிப்படி இது ஆதாரமே இல்ல. நான் இத பாக்கல. மடிச்சு வச்சிருங்க."

"அவ பாத்திருக்கா."

ஆந்தைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பத்து வருஷத்தில் அக்கா எதையும் ஒளித்ததில்லை, இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே விவாதம் முடிந்திருக்கும், நாங்கள் இத்தனை பேர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று எழுதியிருக்க மாட்டோம் என்று படபடத்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் யாருக்காக ஒளித்தாளோ அந்த ஆள் எதிரே உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் காகிதத்தைத் திரும்ப வாங்கி அந்தப் பென்சில் 'ப்'பைப் பார்த்தார். ஐந்து மாதம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவர் கத்தியதையெல்லாம் வாங்கிக்கொண்டு ஒற்றை வார்த்தையோடு நிறுத்தியிருக்கிறாள்.

"எடுத்துருங்க," என்றார்.

ஆந்தை வரியை அழித்தார். அப்படியே தயங்கினார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார். ஆதாரம் இல்லன்னு போட்டுடட்டுமா? பொய்யும் இல்ல."

"அப்பா, வண்டி தெருமுனைக்கு வந்துருச்சாம். அட்டை கெடச்சுதா?" மகன் வாசலில் நின்றான்.

அவர் மகனைப் பார்த்தார். பள்ளிக்கூடத்திலிருந்து இன்று வரை பழகிய அத்தனை பேரிடமும் எங்கப்பா வாசிச்சது என்று அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியவன்.

"அதுல வாசிச்சது நான் இல்லன்னு போடுங்க," என்றார் அவர். "வேற ஆளு."

ஆந்தையின் விரல் திரையில் மெல்ல நகர்ந்தது. மகன் இழுப்பறையிலிருந்த அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அப்பாவின் முழங்கையைப் பிடித்து எழுப்பிக் கூடத்துக்குக் கூட்டிப் போனான். அவள் தலைமாட்டில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மகன் அதை அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டான்.