இரண்டாவது குறுக்குத் தெருவில் ஒத்திகை

1992 மே 10, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பீர்க்கன்கரணை ஏரிக்கரைக் காலனியின் இரண்டாவது குறுக்குத் தெருவில் நான்கு பேர் பத்தடி மூங்கில் ஏணி ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார்கள். ஏணியின் ஒரு முனையில் தலையணை கட்டியிருந்தது.

ஐந்தாவது ஆளாகப் பின்னால் குடையுடன் நடந்தவர் சுப்பராயலு. வயது அறுபத்தெட்டு. காலனி எழும்பிய நிலம் ஒரு காலத்தில் அவருடையது. ஊரிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதிவழியில் பாடையை இறக்கி, தலைமாடும் கால்மாடும் இடம் மாறும்படி முழுதாகச் சுற்றித் திருப்பித் தூக்குவது அவர்கள் வழக்கம். அந்த இடம் இந்தத் தெருவில்தான். அவர் மனைவி கிளியம்மாளை 1979இல் இங்கேதான் திருப்பினார்கள். தன்னையும் அங்கேயே திருப்ப வேண்டும் என்பதால், மனை விற்றபோது தெருவுக்குப் பதினாறு அடி விட்டிருந்தார்.

இப்போது பதினோரு அடிதான் இருந்தது. மீதியில், ஓரத்து மனையை வாங்கிய ஸ்ரீநிவாசராகவன் முள்கம்பி வேலி போட்டு குரோட்டன்ஸ் வளர்த்திருந்தார்.

"திருப்புங்கடா" என்றார் சுப்பராயலு.

ஏணி குறுக்கே வந்தது. பின்னால் பிடித்திருந்த மைத்துனர் பொன்னுரங்கம் வேலிக்குள் போனார்.

"மச்சான், வேட்டி மாட்டிகிச்சு!"

"அட, கொஞ்சம் ஒதுங்குடா."

"எங்க ஒதுங்கறது? செடி மேல நிக்கறேன். நீ செத்தா எனக்குத்தான் பேஜாரு போலகீது."

சத்தம் கேட்டு ஸ்ரீநிவாசராகவன் வெளியே வந்தார். அரசு அலுவலகக் கண்காணிப்பாளர். கையில் நாளிதழ். ஏணியைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார்.

"என்ன இது? யாருக்கு?"

"எனக்குத்தான் சாரு. சும்மா ஒத்திகை."

"உங்களுக்கென்ன, நன்னாத்தானே இருக்கேள்?"

"நல்லா கீறப்பவே பாத்துக்கணும் சாரு. அப்பால இடிக்குதுன்னு நான் எந்திரிச்சு வந்து சொல்ல முடியுமா?"

"வேறு எங்கேயாவது திருப்பிக்கலாமே. பெரிய ரோடு இருக்கு."

"என் பொண்டாட்டிய இங்கதான் திருப்புனாங்க. நான் வேற எடத்துல திரும்பிப் போனா அவ சும்மா வுடமாட்டா சாரு. உசிரோட இருந்தப்பவே வுடல."

ஏணியை இறக்கி, வேலியோரம் ஸ்ரீநிவாசராகவன் வீட்டு வாசலில் சாத்தினார்கள். பேச்சு நீண்டது. பட்டா, பஞ்சாயத்து, செடியின் விலை என்று ஸ்ரீநிவாசராகவன் ஒவ்வொன்றாகச் சொன்னார். சுப்பராயலு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "ஆனா அஞ்சடி வோணும் சாரு" என்றார்.

இதற்குள் எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒருவர், ஸ்ரீநிவாசராகவன் வாசலில் பாடை நிற்பதைப் பார்த்துவிட்டார். கண்ணாடி போடாமல் பார்த்தார். அவர் வீட்டில் டெலிபோன் இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் பெருங்களத்தூரிலிருந்து ஆட்டோவில் தோத்தாத்ரி வந்து இறங்கினார். ஸ்ரீநிவாசராகவனுக்குப் பக்கத்து மேஜைக்காரர். கையில் ரோஜா மாலை. பின்னாலேயே அலுவலகத்து நண்பர்கள் மூன்று ஸ்கூட்டர்களில் வந்தார்கள்.

"ஸ்ரீநிவாசா!" என்று கதறியபடி வந்த தோத்தாத்ரி, வேலிக்கு அந்தப் பக்கம் நாளிதழுடன் நின்றவரைப் பார்த்து நின்றுவிட்டார். "நீ இங்கே என்ன பண்றே?"

"என் வீட்டிலே நான் வேறென்ன பண்ணுவேன்? மாலை யாருக்கு?"

தோத்தாத்ரி மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

பொன்னுரங்கம் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரீநிவாசராகவன் மட்டும் சிரிக்கவில்லை.

வந்தவர்கள் கிளம்பும்போதுதான் சிக்கல் வந்தது. ஏணியும் ஸ்கூட்டர்களும் நிற்க, ஆட்டோவைத் திருப்ப இடமில்லை. டிரைவர் முன்னே போனார், பின்னே வந்தார், குரோட்டன்ஸை ஒருமுறை இடித்தார். கடைசியில் தெருமுனை வரை பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார். தோத்தாத்ரி உள்ளேயிருந்து கழுத்தை நீட்டி, "லெஃப்டுலே மரம்! லெஃப்டுலே மரம்!" என்று கத்திக்கொண்டே போனார்.

ஸ்ரீநிவாசராகவனின் மனைவி பட்டு இதையெல்லாம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, உங்க சாவுக்கு வந்தவாளாலேயே வண்டியைத் திருப்ப முடியலை. அந்தப் பெரியவர் எப்படித் திரும்புவார்?"

"செடி மூணு வருஷமா வளர்த்தது."

"உள்ளே நட்டாலும் வளரும். உள்ளே வாங்கோ பெரியவரே, வெயில்லே நிக்காதீங்கோ. எல்லாருக்கும் மோர் தரேன்."

தோத்தாத்ரி மாலையை வேலியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். சுப்பராயலு அதை எடுத்தார். "வீணா போவானேன்" என்று சொல்லி, வீட்டுக்குப் போனதும் கிளியம்மாளின் படத்துக்குப் போட்டார்.

ஜூன் முதல் வாரத்தில் வேலி ஐந்தடி உள்ளே போனது. சுப்பராயலு 1999 பிப்ரவரியில் காலமானார். பாடையை அந்த இடத்தில் இறக்கித் திருப்பித் தூக்கினார்கள். செடி எதுவும் முறியவில்லை.