அத்தான் இறங்காத ஊர்

செரிப்பூ பார்க்க ஜப்பானில் எந்தக் கிராமத்துக்குப் போகவேண்டும் என்று யாருக்காவது தெரியவேண்டுமானால், தயவுசெய்து என் அத்தானிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் சொல்வார். மணிக்கணக்காகச் சொல்வார். அந்தப் பூவை வேன் கண்ணாடி வழியாக, அதுவும் திரைச்சீலையை இழுத்து மூடும் வரைக்கும் மட்டும் பார்த்த மனிதர் அவர்.

அத்தான் என்றால் என் அக்கா கமலத்தின் புருஷன் அழகமுத்து. கண்டியில், கட்டுகஸ்தோட்டை வீதியில், ஜப்பான் வாகனங்களின் பழைய உதிரிப்பாகங்களை விற்கிறார். கியர்பெட்டி, ரேடியேட்டர், பக்கக் கண்ணாடி இப்படி. ஜப்பான்காரன் கழற்றி எறிந்ததைத் தூசு தட்டி விற்று விற்று, அந்த நாடே தன் மாமியார் வீடு என்ற நினைப்பு அவருக்கு வந்துவிட்டது. பஸ் பிந்தி வந்தால் "ஜப்பான்ல இப்பிடி நடக்குமா?" என்பார். பக்கத்து வீட்டில் குழந்தை அழுதாலும் அதையேதான் கேட்பார்.

நாங்கள் ஜப்பானுக்குப் போய்வந்தது கொரோனாவுக்கு இரண்டு வருடம் முந்தி, சித்திரைப் புதுவருடத்தோடு கண்டிக் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்த வாரத்தில். திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அத்தானின் அம்பிட்டிய வீட்டு முன்னறையில் கச்சேரி ஆரம்பமாகிவிட்டது. கேட்க வந்தவர்கள் நகைக்கடை ராஜரத்தினமும் அவர் மனைவி வடிவம்மாவும். ராஜரத்தினம் வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர். யார் எதைச் சொன்னாலும் வாயைப் பிளந்து கேட்கிற மனிதர், அத்தானுக்கு ஏற்ற ஆள்.

"டோக்கியோவுல பாக்கிறதெல்லாம் ஒரு பூவா ராஜரத்தினம்? அது டூரிஸ்ட்டுக்கு. நான் கூட்டிக்கிட்டுப் போனேன் பாருங்க, அது மலைக்குள்ள இருக்கிற கிராமம். வெளியாள் ஒருத்தன் கால் வச்சதில்ல. மரத்துக்கு அடியில போயி நின்னா மேலெல்லாம் பூ கொட்டும். தலையில, தோள்ல, சட்டைப் பையில. நான் அப்பிடியே சிலையா நின்னுட்டேன்."

நின்றாராம். நான் மூலைக் கதிரையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எல்லாம் கேட்டிருக்கும்.

அந்த மரம் அக்காவின் மரம். சரியாகச் சொன்னால், ஹருயோவின் மரம். அக்கா கல்யாணமாகி அம்பிட்டியவுக்கு வந்த புதிதில், மேல்மாடி அறையை ஒரு ஜப்பான் பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க அவள் நாட்டு அரசாங்கம் அனுப்பிவைத்த தொண்டர் அவள். இரண்டு வருடம் இருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு ஜப்பான் பாஷை தெரியாது. இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பேசிப் பேசி, கூடப்பிறந்தவர்களாகிவிட்டார்கள். அத்தானுக்கு அவள் பெயர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. "ஜப்பான் நோனா" என்று சிங்களத்தில் அம்மணி போட்டுக் கூப்பிடுவார், வாடகை வாங்கும் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சிரித்துக்கொண்டு.

ஊருக்குத் திரும்பும்போது ஹருயோ சொன்னாளாம்: "எங்கள் ஊரில் ஒரு மரம் இருக்கிறது. டோக்கியோவில் பூ எல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகுதான் அது பூக்கும். அதன் அடியில் உன்னை உட்காரவைத்து நான் சாப்பாடு போடவேண்டும்." அக்கா வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயால் முப்பது வருடம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் பரீட்சை, கடை, அத்தானின் பிரஷர். வருடாவருடம் இங்கிருந்து ஒரு தேயிலைப் பெட்டி போகும், அங்கிருந்து பூத்த மரத்தின் படம் ஒன்று வரும். இதற்கிடையில் அத்தான் மட்டும் நாலு தடவை ஜப்பான் போய் வந்துவிட்டார், பழைய வாகனங்களை ஏலம் எடுக்க. ஒரு தடவையாவது பெண்டாட்டியைக் கூட்டிப்போகத் தோன்றவில்லை. கியர்பெட்டியை அவ்வளவு பத்திரமாகச் சுற்றிக்கொண்டு வந்த மனிதர்.

பயணத்துக்கு முந்திய மார்கழியில் ஹருயோவிடமிருந்து செய்தி வந்தது. இடுப்பில் ஒப்பரேஷன் ஆகியிருக்கிறது, வயது எழுபது தாண்டிவிட்டது, இந்த வருடமாவது வா என்று. அக்கா அன்று இரவு சாப்பிடும்போது, "இந்த முறை நானும் வர்றேன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். ஹருயோவின் ஊர் அத்தான் போகவேண்டிய பழைய வாகன யார்டு ஒன்றுக்குப் போகும் வழியில் இருந்தது. அதனால்தான் அவரும் பெரிய மனது பண்ணினார். நான் மாநகரசபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். என் புருஷன் தியாகராஜா போய் அப்போது ஆறு வருடமாகியிருந்தது. என் செலவில் நானும் தொற்றிக்கொண்டேன்.

அங்கே எங்களை ஏற்றிப்போனது சமன் என்கிற குருணாகல் சிங்களப் பையன். அங்கேயே தங்கி, யார்டுகளுக்கும் நம்மூர் வியாபாரிகளுக்கும் நடுவில் தரகு பார்க்கிறவன். வேன் மலைப்பாதையில் ஏற ஏற, உச்சியில் இன்னும் பனி கிடந்தது. கீழே வயல் ஓரங்களில், ஆற்றங்கரையில், பாலத்தடியில், இலையே இல்லாமல் வெறும் பூவாக மரங்கள் வந்துகொண்டே இருந்தன. அக்கா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நம்ம வேலியில நிக்கிற கிளிரிசீடியாவும் இப்பிடித்தான் பூக்குது," என்றார் அத்தான். "அதை ஒடிச்சு ஆட்டுக்குப் போடுறோம். இதைப் பாக்க ஒரு நாளு வேஸ்ட்டு."

ஊர் வந்தது. பத்துப் பதினைந்து வீடுகள், ஒரு சின்ன பௌத்த கோயில். கோயிலுக்குப் பக்கத்துச் சரிவில் அந்த மரம். படத்தில் பார்த்ததெல்லாம் ஒன்றுமில்லை. கிளைகள் மேலே போய், மனம் மாறித் தரையை நோக்கி இறங்கியிருந்தன. அடியில் நீல விரிப்பு விரித்துக் கிடந்தது. சரிவின் கீழே, தொப்பியும் ரப்பர் சப்பாத்துமாக, கைத்தடியை ஊன்றியபடி ஹருயோ நின்றுகொண்டிருந்தாள். மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தோம். அத்தான் வழியில் இரண்டு கடைகளில் டயர் விலை விசாரித்ததில் மூன்று மணியாகியிருந்தது.

அத்தான் ஒரு காலைக் கீழே வைத்தார். மரத்தைச் சுற்றி வரிசையாகச் சதுரக் கற்கள் நின்றன. ஒரு கல்லின் முன்னால் ஊதுபத்தி புகைந்தது.

"இது என்ன கல்லு சமன்?"

"செத்த ஆளுங்க முதலாளி. இங்க நல்ல மரம் எல்லாம் இப்பிடித்தான், மயானத்துல."

வைத்த காலை அவர் உள்ளே இழுத்த வேகத்தில் செருப்பு வெளியே விழுந்துவிட்டது. அதை எடுக்கக்கூட அவர் இறங்கவில்லை. சமன்தான் எடுத்துக் கொடுத்தான்.

"கமலம், கதவைச் சாத்து. போவோம்."

"அவங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

"நிக்கட்டும். கழுத்துல தாலியோட சுடுகாட்டுக்குள்ள போறதா? எனக்கு ஏதாவது ஆகணும்னு பாக்கிறியா?"

சொல்லிக்கொண்டே வலது கையால் இடது மணிக்கட்டின் நாடியைப் பிடித்துக்கொண்டார். அது அவருக்கு வழக்கம். ஏலத்தில் விலை ஏறினாலும் பிடிப்பார், தொலைக்காட்சியில் யாராவது செத்தாலும் பிடிப்பார். முப்பது வருடம் காத்திருந்த ஒருத்தி வெளியே நிற்கிறாள், முப்பது வருடம் ஆசைப்பட்டவள் உள்ளே இருக்கிறாள், இந்த மனிதர் தன் நாடியை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஹருயோ தடியை ஊன்றி ஊன்றி வேன் பக்கம் வந்து, அத்தானின் ஜன்னலுக்கு நேரே நின்று இடுப்பை வளைத்து வணங்கினாள். ஒப்பரேஷன் செய்த இடுப்பு. அத்தான் திரைச்சீலையை இழுத்து மூடினார்.

அக்கா சீட் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவரை மீறி இறங்கவும் அவளால் முடியவில்லை. இறங்காமல் திரும்பிப்போகவும் முடியவில்லை. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அத்தான் என்னைக் காட்டிப் பெரிய நியாயவானாகத் தீர்ப்பு சொன்னார்.

"சரி, வந்ததுக்கு யசோதா போகட்டும். போயி ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு வரட்டும். அவளுக்கு இனிமே என்ன வரப் போவுது?"

எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொல்லிப் பெருமை தேட நான் தயாரில்லை. தியாகராஜா செத்த வீட்டில்கூட யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள், கடைக்கு வந்த பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல. அவ்வளவுதான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"ஏய் கமலம்! கமலம்!" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது. சத்தம்தான் வந்தது, ஆள் வரவில்லை.

ஹருயோவும் அக்காவும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, அதே பழைய உடைந்த சிங்களத்தில் ஒரே நேரத்தில் பேசினார்கள். "வாடிவென்ன, வாடிவென்ன" என்று ஹருயோ எங்களை விரிப்பில் உட்காரவைத்தாள். சோயாத் தோலுக்குள் அடைத்த இனிப்புச் சோறு, அவித்த மூங்கில் குருத்து, ஊறுகாய். வெள்ளிக்கிழமை அக்கா மீன் மச்சம் சாப்பிடமாட்டாள் என்பதை அவள் மறக்கவில்லை. பிளாஸ்க்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றினாள், அக்கா அனுப்பிய தேயிலை. அதே தேத்தண்ணியில் ஒரு கோப்பை அவளுடைய அம்மாவின் கல்லுக்கு முன்னாலும் இருந்தது. இவர்கள் பேசிய சிங்களத்தைக் கேட்டு சமன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கும் ஒரு தட்டு கிடைத்தது.

காற்று அடித்தபோது பூ விழுந்தது. அக்காவின் தலையில், என் மடியில், தேத்தண்ணிக்குள். நான் தலையில் பூ வைத்து ஆறு வருடமாகியிருந்தது. தட்டிவிடக் கையைத் தூக்கினேன், பிறகு இறக்கிவிட்டேன். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் வேனைப் பார்த்தேன். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, மூடிய திரைக்குப் பின்னால், கண்டியிலிருந்து கொண்டுபோன முறுக்கைத் தின்றுகொண்டு இருந்தார் மகராசன். மொறுமொறுவென்ற சத்தம் எனக்குக் கேட்டது போலவே இருந்தது.

திரும்பும்போது எங்கள் இரண்டு பேரையும் கடைசி சீட்டுக்கு அனுப்பிவிட்டார், தீட்டாம். ஹோட்டலில், நாங்கள் தலைக்கு ஊற்றி முடியும்வரை அறைக்குள் வராமல் நடையில் நின்றார். அக்கா வேண்டுமென்றே சுடுதண்ணியில் முக்கால் மணித்தியாலம் குளித்தாள்.

இந்த மனிதர்தான் இப்போது முன்னறையில் சிலையாக நிற்கிறார், சட்டைப் பை நிறையப் பூவோடு.

"மரத்தடியில நீங்க நிக்கிற படம் இருக்குமே?" என்று கேட்டாள் வடிவம்மா.

"படமா? அந்த நேரத்துல யாருக்குப் படம் எடுக்கத் தோணும்? மனசுல எடுத்து வச்சிருக்கேன்."

ராஜரத்தினத்துக்குக் கண் கலங்காத குறை. "அப்பிடின்னா வர்ற சித்திரைக்கு நம்ம சங்கத்து ஆளுங்க இருபது குடும்பம் போவோம். நீங்கதான் முன்னுக்கு நின்னு கூட்டிக்கிட்டுப் போகணும். ஊர் பேரச் சொல்லுங்க, இப்பவே சங்கத்துக்கு அறிவிச்சிடுறேன்."

சங்கமே தன் பின்னால் வருகிறது என்றதும் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்தே நின்றுவிட்டார். வாயைத் திறந்தார். ஊர் பேர் வரவில்லை. வந்தால்தானே? கேட்டு வைத்துக்கொண்டிருந்தால் அல்லவா வரும்? அது யார்டிலிருந்து வடக்கே, ஒரு பாலம் வரும் என்று இழுத்தார். அக்கா தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தாள்.

"கமலம், அந்த ஊர் பேரு என்னது? நம்ம போனமே."

அக்கா ஒவ்வொருவருக்கும் கோப்பையைக் கொடுத்தாள். அத்தானுடையதில் சீனி இல்லை, பிரஷரோடு இப்போது சீனி வருத்தமும் இருக்கிறது. எனக்கும் கொடுத்துவிட்டு, என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். விருந்தாளிகள் இருக்கும்போது அவள் முன்னறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அது சுடுகாடுங்க அண்ணே," என்றாள் ராஜரத்தினத்திடம், மிகவும் மரியாதையாக. "அந்த மரம் சுடுகாட்டுக்குள்ளதான் நிக்கிது. இவரு வேனை விட்டு இறங்கல. குடும்பம் குட்டியோட நீங்க போற இடம் இல்ல அது."

வடிவம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். ராஜரத்தினம் அத்தானைப் பார்த்தார். அத்தான் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார்.

"வேணும்னா வர்ற வருஷம் நானும் யசோதாவும் போயி ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு வர்றோம்," என்றாள் அக்கா. "எங்களுக்கு இனிமே என்ன வரப் போவுது?"

அத்தானின் வலது கை மெதுவாகப் போய் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.