மாவில் செய்த கேரட்

குண்டூசியின் வயிறு மறுபடியும் உப்பியிருந்தது. சட்டையைத் தூக்கி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள் அம்மா.

பையனுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது அவன் அப்பாதான். உடம்பு கம்பி, தலை மட்டும் உருண்டை. ஆரம்பத்தில் எல்லோருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ரெண்டு வயது தாண்டியும் எடை ஏறாமல் நின்றபோது சிரிப்பு போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. கோதுமையில் இருக்கிற குளூட்டன் துளிகூட இவன் குடலுக்கு ஆகாது என்று கண்டுபிடித்த டாக்டரம்மா, போன தடவை தராசைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா, மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும்மா" என்றார். அன்றோடு அவளுக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் அந்தச் சின்ன மூக்கும் குழாயும்தான்.

அவள் சமையலறையில் கோதுமை, மைதா, ரவை எதற்கும் இடமில்லை. காய் நறுக்கும் பலகையிலிருந்து சல்லடை வரை பழையதையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். கணவனுக்குப் பிஸ்கட் ஆசை வந்தால் தெருமுனையில் நின்று திருடன் மாதிரி தின்றுவிட்டு, வாய் கொப்பளித்து, சட்டையை உதறிவிட்டுத்தான் வாசல்படி ஏற வேண்டும். அவனும் மனுஷன்தான், ஆனால் மூச்சுக் காட்டவில்லை.

இத்தனை பாடுபட்டு என்ன, குட்டித் துரை வாயைத் திறக்க வேண்டுமே! கையில் பிடித்துத் தின்ன வசதியாக விரல் நீளத்துக்கு நறுக்கி, பதமாக வேகவைத்து, தட்டில் அழகாக அடுக்கி வைப்பாள். பீன்ஸைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பூசணித் துண்டைப் பிழிந்து தலையில் தேய்த்துக்கொள்வான். உருளைக்கிழங்கு ஓரத்தில் லேசாகச் சிவந்துவிட்டால் போதும், "ச்சீ" என்று ஒரே தள்ளு. பெத்தவள் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டா இல்லையா?

கடைசியில் வழி அவள் வேலையிலிருந்தே கிடைத்தது. அவள் மழலையர் பள்ளி டீச்சர். குழந்தைகள் உருட்டி விளையாட வண்ண மாவு பிசைவது அங்கே அவள் பொறுப்பு. ஒரு டப்பா நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆரஞ்சு மாவில் கேரட், பச்சை மாவில் பீன்ஸ் உருட்டி, வெந்த காயின் பக்கத்திலேயே வைத்தாள். "மொதல்ல இந்தக் கேரட்டுக்கு வணக்கம் சொல்லு. அப்புறம் அந்தக் கேரட்டை ஆம்!" என்று விளையாட்டுக் காட்டினாள். பையன் சிரித்தான். அப்புறம், நம்ப முடியவில்லை, வெந்த கேரட்டை எடுத்துக் கடித்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் தின்னத் தின்ன எடை ஏறவில்லை, வயிறுதான் ஏறியது. பேதி வேறு. யாரோ எதையோ கொடுக்கிறார்கள். பகலில் அவனோடு இருப்பது ஒரே ஆள்தான், கணவனின் அக்கா. துணி தைப்பவள். தன் தையல் வேலையை இங்கேயே தூக்கிக்கொண்டு வந்து குழந்தையையும் பார்த்துக்கொள்வாள்.

சந்தேகம் உள்ளே வந்துவிட்டால் லேசில் போகுமா? நாத்தனார் குளியலறைக்குப் போன சமயம் அவள் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். நூல்கண்டும் இஞ்ச் டேப்பும்தான் விழுந்தன. அப்போதும் மனம் ஆறவில்லை, 'கெட்டிக்காரி, ஒளிச்சு வெச்சிருக்கா' என்றுதான் தோன்றியது. குழந்தையின் வாயை மோந்து பார்த்தாள். நேற்று சாயங்காலம் எல்லாம் வெடித்துவிட்டது.

"பாவமா இருக்குன்னு ஒரு துண்டு ரொட்டி குடுத்திருப்பீங்க. உண்மையச் சொல்லிடுங்க அண்ணி."

நாத்தனார் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "என்னைப் பாத்தா இந்தக் குழந்தைக்கு வெஷம் வெக்கிறவ மாதிரியா தெரியுது உனக்கு?"

"நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

அதனால்தான் இன்று அவள் பள்ளிக்கு லீவு போட்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தட்டை வைத்தாள், மாவுக் காய்களையும் அடுக்கினாள். அடுப்பை அணைக்கத் திரும்பியவள் சும்மா ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

குண்டூசி மாவுக் கேரட்டை எடுத்தான். நுனியை அழகாகக் கடித்தான். வாயை மூடிக்கொண்டு மென்று விழுங்கினான். பிறகு வெந்த கேரட்டை எடுத்தான். மொதல்ல இது, அப்புறம் அது. சொல்லிக் கொடுத்தபடியே செய்துகொண்டிருந்தான்.

அவள் பாய்ந்து அவன் வாய்க்குள் விரலை விட்டாள். குழந்தை அலறியது. மாவு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மைதாவும் உப்பும் எண்ணெயும் கலர்ப்பொடியும், அவளே பார்த்துப் பார்த்துப் பிசைந்தது. கோதுமையைச் சமையலறை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடியவளுக்கு, பொம்மையில் தேட வேண்டும் என்று தோன்றவே இல்லை. டப்பாவைக் கவிழ்த்தாள். உள்ளே கிடந்த ஒவ்வொரு காயிலும் சின்னச் சின்னப் பல் தடம்.

வெகுநேரம் கை கழுவினாள். பிறகு போன் செய்தாள்.

"அண்ணி, நான்தான் குடுத்திருக்கேன். என் கையாலயே குடுத்திருக்கேன்."

நாத்தனார் வந்தபோது வீடு முழுக்கத் துடைத்து ஈரமாக இருந்தது. மாவு டப்பா தெருக் குப்பைத்தொட்டிக்குப் போயிருந்தது. மாவுக் கேரட் இல்லாத தட்டைப் பார்த்துக் குண்டூசி வாயை இறுக்கி மூடிக்கொண்டான். என்ன கெஞ்சியும் திறக்கவில்லை. "இனிமே எதையும் தொட மாட்டான் அண்ணி. ட்யூப்தான் போடப் போறாங்க" என்று அவள் விம்மினாள்.

நாத்தனார் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. தரையில் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு கேரட்டை எடுத்தாள். பாதியைக் கடித்துத் தின்றுவிட்டு, மீதியை அவன் முன்னால் வைத்தாள். குண்டூசி அதைப் பார்த்தான். கை மெதுவாக நீண்டது.

அம்மாவுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது அந்தக் கேள்வி. கேட்டால் இந்த மனுஷி எழுந்து போய்விடுவாள், இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாள். கேட்காவிட்டால்? அவள் பல்லில் ரொட்டித் துணுக்கு ஏதாவது ஒட்டியிருந்து, கடித்த கேரட்டோடு வந்திருந்தால்? அவள் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி... மன்னிச்சிருங்க. இன்னிக்கு நீங்க... என்ன சாப்பிட்டீங்க?"

நாத்தனார் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இவனுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே எங்க வீட்ல கோதுமைய நிறுத்தியாச்சு. இவனைத் தூக்குறேன், முத்தம் குடுக்குறேன். எனக்கு மட்டும் பயம் இருக்காதா? கைய விடும்மா, அவன் சாப்பிடட்டும்."

அவள் கையை விட்டாள்.